மத்திய மாகாணத்தின் சபை எங்கே?

மாத்தளை மாவட்டத்தின் யட்டவத்த பிரதேச சபைக்கு 2025 மே 6 அன்று தேர்தல் நடந்தது. அதுவும் எளிதில் கிடைக்கவில்லை. 2023 மார்ச்சில் நடந்திருக்க வேண்டிய தேர்தலைப் பணமில்லை என்று நிறுத்தினார்கள். அது அடிப்படை உரிமை மீறல் என்று 2024 ஆகஸ்ட்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகே வாக்குப்பெட்டி ஊருக்கு வந்தது. அதற்கு மேலே இருக்க வேண்டிய மாகாண சபையோ இன்னும் இல்லை. மத்திய மாகாண சபைக்கு யட்டவத்த மக்கள் கடைசியாக வாக்களித்தது 2013 செப்டம்பர் 21இல். 2018 அக்டோபரில் அதன் ஆயுள் முடிந்தது. 2013இல் பதினெட்டு வயது நிரம்பாதிருந்த எவரும் இன்றுவரை தம் மாகாணத்துக்கு ஓர் உறுப்பினரைத் தெரிவு செய்ததில்லை. இதை வன்மையாகக் கண்டிக்கிறோம்.

அந்தச் சபையின் 58 ஆசனங்களில் 11 மாத்தளை மாவட்டத்துக்குரியவை. பெரும்பான்மை ஆதரவு உள்ளவரையே ஆளுநர் முதலமைச்சராக நியமிக்க வேண்டும். அவரும் நான்கு அமைச்சர்களும் சபைக்குப் பதில் சொல்ல வேண்டும். மாகாண விடயங்களில் சபை நியதிச் சட்டம் ஆக்கலாம். இன்று மாகாணப் பாடசாலைகள், வைத்தியசாலைகள், வீதிகள் அனைத்தும் ஜனாதிபதி நியமிக்கும் ஆளுநரின் கையில். அவர் நல்லவரா என்பதல்ல கேள்வி. தோட்டப் பாடசாலையில் கணித ஆசிரியர் இல்லையென்றால் எழுந்து நின்று கேட்க ஓர் உறுப்பினர் இல்லை. பதில் திருப்தி தராவிட்டால் அடுத்த தேர்தலில் மாற்றவும் வழியில்லை.

இந்த நிலையை உண்டாக்கியது ஒரு சட்டம். அது வந்த விதத்தை மக்கள் மறக்கக் கூடாது. 2017இல் வர்த்தமானியில் வெளியான சட்டமூலம் வேட்பாளர் பட்டியலில் பெண்களுக்கு இடம் உறுதி செய்வது பற்றியது. செப்டம்பர் 20 அன்று குழுநிலையில் அதற்குள் வேறொரு சட்டத்தையே செருகினார்கள்: விகிதாசார முறை போய்க் கலப்பு முறை வந்தது, புதிய தொகுதி எல்லைகள் தேவைப்பட்டன. சட்டமூலத்தை எதிர்த்து உயர் நீதிமன்றம் செல்லக் குடிமகனுக்கு அன்று இருந்தது, அது ஒழுங்குப் பத்திரத்தில் சேர்ந்தபின் ஒரே ஒரு வாரம். நிறைவேறிய சட்டத்தை எந்த நீதிமன்றமும் கேள்வி கேட்க அரசியலமைப்பின் 80(3)ஆம் உறுப்புரை இடம் தருவதில்லை. அப்படியிருக்க, குழுநிலையில் புகுத்திய திருத்தத்தை யார், எப்போது எதிர்ப்பது? தயக்கம் காட்டிய மலையக, முஸ்லிம் பிரதிநிதிகளும் தொகுதி, பட்டியல் ஆசனங்களின் விகிதத்தை 50க்கு 50 என்று மாற்றிக்கொண்டு கையுயர்த்தினார்கள். நம்மவர் என்பதற்காக அவர்களை விட்டுவிட முடியாது.

2018 ஆகஸ்ட் 24இல் எல்லை நிர்ணய அறிக்கை வாக்கெடுப்புக்கு வந்தது. எதிராக 139 வாக்குகள், ஆதரவாக ஒன்றுமில்லை. கொண்டுவந்த அரசாங்கமே அதைக் கைவிட்டது. சட்டப்படி பிரதமர் தலைமையிலான மீளாய்வுக் குழு இரண்டு மாதங்களில் அறிக்கை தந்திருக்க வேண்டும், தரவில்லை. அந்த அறிக்கை இல்லாமல் எல்லைகளை வெளியிட முடியுமா என்று 2019இல் ஜனாதிபதி கேட்டபோது, முடியாது என்றே உயர் நீதிமன்றம் கருத்துரைத்தது. பழைய முறையை அழித்தாகிவிட்டது, புதியதை முடிக்கவில்லை. சிறு தாமதமாகத் தொடங்கியது ஒன்பது மாகாணங்களையும் விழுங்கிவிட்டது.

மாகாண சபைத் தேர்தலை ஓராண்டுக்குள் நடத்துவோம் என்று 2024 விஞ்ஞாபனத்தில் எழுதியவர்கள் 159 ஆசனங்களுடன் பாராளுமன்றத்தில் இருக்கிறார்கள். எல்லை நிர்ணயம் முடியட்டும் என்ற சாக்கை இனியும் ஏற்க முடியாது. பழைய விகிதாசார முறைக்கு இடைக்காலமாகத் திரும்ப ஒரு சிறு திருத்தச் சட்டம் போதும். பெண்களுக்கான ஏற்பாட்டை அதிலேயே காப்பாற்றலாம். அதை வர்த்தமானியில் முழுமையாக வெளியிட்டு, மக்கள் எதிர்க்க விரும்பினால் எதிர்க்க உரிய காலம் தந்து, பகலில் விவாதித்து நிறைவேற்றுங்கள். சட்டமூலத்தின் நோக்கத்துக்கு அப்பாற்பட்ட திருத்தங்களைக் குழுநிலையில் சபாநாயகர் நிராகரிக்கும் வகையில் நிலையியற் கட்டளைகளைத் திருத்துங்கள். தேர்தல் திகதியை அறிவியுங்கள்.