கூடத்தின் சாவி யார் கையில்?

தருமபுரி மாவட்டத்தில் அறுவடை முடிந்து வெயில் ஏறும் மாதங்களில், இரவு நேரத்தில் கிராமப் பாதையில் போகிறவர்கள் ஒரு காட்சியைக் காணலாம். அறுத்த கொல்லையின் நடுவே விளக்கு வெளிச்சம். மத்தளம் முழங்குகிறது, முகவீணை ஊதுகிறது, ஆர்மோனியக்காரர் சுருதி கூட்டுகிறார். கிரீடமும் புஜக்கட்டையும் தரித்த துரியோதனன் திரைக்குப் பின்னிருந்து வருகிறான். பாயோ சாக்கோ விரித்து உட்கார்ந்த ஜனங்கள் பொழுது விடியும்வரை எழுந்திருப்பதில்லை.

இதுதான் நமது தெருக்கூத்து. திரௌபதி அம்மன் கோயில்களில் பாரத விழா நடக்கும்போது பகலில் பாரதம் படிப்பார்கள். இரவில் கூத்து நடக்கும். துகிலுரிதல், அர்ச்சுனன் தபசு, கர்ண மோட்சம் என்று நாள்தோறும் ஒரு கதை. கடைசியில் மண்ணால் செய்த துரியோதனன் தரையில் கிடக்க, படுகளம்.

இரவெல்லாம் ராஜாவாக நின்றவர் யார்? காலையில் அரிதாரத்தைக் கழுவிவிட்டுக் கூலி வேலைக்குப் போகிறவர்தான். கல் உடைப்பவரும் களை வெட்டுபவரும் வேஷம் கட்டுகிறார்கள். களை எடுப்பவளும் ஆடு மேய்ப்பவனும் பார்க்கிறார்கள். ராஜாவின் சபையிலேயே கட்டியங்காரன் ராஜாவைக் கேலி செய்கிறான். விலைவாசியும் ஊர்ப் பெரியவரின் ஜம்பமும் அவன் வாயில் அகப்பட்டுத் தவிக்கின்றன. பகலில் வாய் திறக்க முடியாத ஏழை, இரவில் அவனோடு சேர்ந்து சிரித்துக் கணக்குத் தீர்த்துக்கொள்கிறான்.

இந்தக் கலை இன்று ஏன் தேய்கிறது? ஜனங்களுக்கு ரசனை போய்விட்டது என்கிறார்கள் மேதாவிகள். நாம் அதை ஒப்புக்கொள்ளவில்லை. ரசிக்க வேண்டிய ஜனங்களே ஊரில் இல்லை! மழை பொய்த்தது, கிணறு வற்றியது, கடன் கழுத்தை நெரித்தது. தகப்பன் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போனான். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போனான். மகள் கோவைப் பக்கத்து நூற்பாலை விடுதியில் அடைபட்டாள். மத்தளம் அடித்த கை சாந்துச் சட்டி தூக்குகிறது. பாடிய தொண்டையில் பஞ்சுத் தூசி படிகிறது. ஊரைக் காலி செய்துவிட்டு, ஊரின் பாட்டு எங்கே போயிற்று என்று கேட்பது என்ன நியாயம்?

இது நமக்கு மட்டும் நேர்ந்த கதியல்ல. ஸ்காட்லாந்தின் வடபகுதியில் நடந்ததை மார்க்ஸ் தமது 'மூலதனம்' நூலில் எழுதியிருக்கிறார். சதர்லாந்து சீமாட்டி 1814 முதல் 1820 வரை சுமார் 3,000 குடும்பங்களை, 15,000 ஜனங்களை, அவர்கள் நிலத்திலிருந்து துரத்தினாள். 1825க்குள் அந்த 15,000 மனிதர்கள் இருந்த இடத்தில் 1,31,000 ஆடுகள் மேய்ந்தன!

ஆனால் அந்த ஜனங்கள் பாட்டை விட்டுவிடவில்லை. அங்கே 'கெய்லி' என்று ஒரு வழக்கம் உண்டு. அண்டை வீட்டார் ஒரு வீட்டிலோ ஊர்க் கூடத்திலோ கூடுவார்கள். ஒருவர் பாட, ஒருவர் பிடில் வாசிக்க, ஒருவர் கதை சொல்ல, பொழுது போகும். பண்ணையாட்கள் தங்கிய கொட்டடிகளிலும் பாட்டு பிறந்தது. கெட்ட சாப்பாடு போட்ட பண்ணைக்காரனையும், கூலியில் ஏமாற்றியவனையும் பேர் சொல்லிப் பரிகசித்த பாட்டுக்கள் அவை.

1947ல் எடின்பரோ நகரில் பெரிய சர்வதேசக் கலைவிழா தொடங்கியது. அதில் தங்களுக்கு இடமில்லை என்று கண்ட தொழிற்சங்கத்தினரும் இடதுசாரிகளும் 1951ல் மக்கள் விழா ஒன்றை நடத்தினார்கள். அதில் ஹாமிஷ் ஹெண்டர்சன் என்ற கவிஞர் ஒரு கெய்லிக்கு ஏற்பாடு செய்தார். அந்த மேடையில் பாடியவர்கள் யார்? ஜிம்மி மக்பெத் பண்ணை வேலை செய்து ஊர் ஊராய் அலைந்தவர். ஜெஸ்ஸி மர்ரே மீன் விற்ற பெண். பட்டணத்து ஜனங்கள் அதுவரை கேளாத தங்கள் சொந்தப் பாட்டை அன்று கேட்டார்கள். அந்த விழாவைக் கம்யூனிஸ்ட் சூழ்ச்சி என்று முத்திரை குத்தினார்கள். சில ஆண்டுகளில் அது நின்றது. ஆனால் மூட்டிய தீ அணையவில்லை. அந்நாட்டில் பின்னால் எழுந்த நாட்டுப்பாடல் இயக்கத்துக்கு அந்த இரவே வித்தாயிற்று.

நமது இயக்கத்துக்கும் இது புதிதல்ல. 1943ல் பம்பாயில் இந்திய மக்கள் நாடக மன்றம் பிறந்தது. 1961ல் ஜீவா கலை இலக்கியப் பெருமன்றத்தைத் தொடங்கினார். 1964ல் பேராசிரியர் நா. வானமாமலையின் 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' நூலாக வந்தது. 1975ல் முற்போக்கு எழுத்தாளர் சங்கம் தோன்றியது. அது நடத்திய கலை இரவுகளில் ஆயிரக்கணக்கானோர் விடிய விடிய உட்கார்ந்து கேட்டார்கள். ஜனங்களுக்கு ரசனை இல்லை என்பவர்களுக்கு அதுவே பதில்.

இனி நம் ஊருக்கு வருவோம். சமுதாயக் கூடம் என்று பல கிராமங்களில் சர்க்கார் கட்டடம் இருக்கிறது. அது யார் தெருவில் நிற்கிறது? அதன் சாவி யார் கையில்? கல்யாணத்துக்குத் திறக்கும் கதவு, சேரி ஜனங்கள் பாட்டுக்குக் கேட்டால் ஏன் திறப்பதில்லை? பொதுப் பணத்தில் கட்டிய கூடத்துக்கு ஒரு ஜாதியின் பூட்டு தொங்கும் ஊரில், 'சமுதாயம்' என்ற சொல்லுக்கு என்ன அர்த்தம்?

நாம் பழமையைக் கும்பிடச் சொல்லவில்லை. கூத்தில் பெண் வேஷத்தையும் ஆணே கட்டும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு; இனி உழைக்கும் பெண்கள் தாங்களே மேடை ஏறட்டும். சபை நடுவே நியாயம் கேட்கும் திரௌபதியின் குரல் அவர்களுடைய குரலல்லவா? பறையைப் பற்றியும் தெளிவாகச் சொல்கிறோம். சாவு வீட்டில் அடித்தே தீர வேண்டும் என்று ஒரு ஜாதியின் தலையில் சுமத்துவது அடிமைத்தனம். மறுக்க அவர்களுக்குப் பூரண உரிமை உண்டு. அதே பறையைச் சுதந்திர மனிதன் தன் விருப்பத்தால், சமமான சபையில் முழக்கும்போது அது கலை.

நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு 2007ல் நல வாரியம் ஏற்பட்டது. அதே ஆண்டு தலைநகரில் சென்னை சங்கமம் விழாவும் தொடங்கியது. இரண்டும் நல்ல காரியங்களே. ஆனால் விழா மேடையில் ஒரு நாள் மாலை போட்டுவிட்டு, மீதி நாட்களில் கலைஞனைப் பட்டினி போட்டால் பாட்டு எப்படிப் பிழைக்கும்? கூத்துக்காரனும் தொழிலாளிதான். இரவு முழுவதும் அவன் சிந்துவதும் வியர்வைதான்.

ஆகவே நாம் கோருகிறோம்: சமுதாயக் கூடங்கள் எல்லாத் தெருவாருக்கும் வாடகையின்றிப் பாட்டுக்கும் கூத்துக்கும் திறக்கப்பட வேண்டும். சாவி ஊராட்சியின் பொறுப்பில் இருக்க வேண்டும். கலைஞர்களுக்கு நியாயமான கூலி, தரகரின்றி நேராகக் கையில் கிடைக்க வேண்டும். வாரிய அட்டையும் ஓய்வூதியமும் அலைக்கழிப்பின்றி வர வேண்டும். கூத்து இல்லாத மாதங்களுக்கு உதவித்தொகை வேண்டும்.

சர்க்கார் தரும்வரை கை கட்டி நிற்க வேண்டியதில்லை. ஆலைத் தோழர்களே! விழாவுக்கு ஊர் திரும்பும்போது உங்கள் சங்கத்தின் பாட்டையும் கொண்டு போங்கள். விவசாயத் தொழிலாளர் தோழர்களே! நாற்று நடும் பாட்டை, ஏற்றப் பாட்டை அறிந்த கிழவிகளும் கிழவர்களும் உங்கள் தெருவில் இருக்கிறார்கள். அவர்களை நடுவில் உட்கார வைத்து, பிள்ளைகளைச் சுற்றி உட்கார வையுங்கள். எல்லாத் தெருவும் ஒரே பாயில் உட்காரட்டும். அப்படி ஓர் இரவு உட்கார்ந்தவர்கள், மறுநாள் கூலி கேட்கவும் ஒன்றாகவே போய் நிற்பார்கள்.