செய்தி நேரம் எங்களுக்கும் உரியது



யுத்த காலத்தில் வடக்கில் வாழ்ந்தவர்களுக்குச் சைக்கிள் டைனமோவில் வானொலி கேட்டது மறந்திருக்காது. மின்சாரம் இல்லை, பற்றரிக்கும் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைச் சுற்றுவார். நாலைந்து வீட்டுக்காரர் சூழ இருந்து கேட்பார்கள். பி.பி.சி. தமிழோசை, மணிலா வெரித்தாஸ், கொழும்பு வானொலி என்று ஒன்றையும் விடுவதில்லை. எங்கே சண்டை, எந்தப் பாதை திறந்திருக்கிறது, நிவாரணம் வருமா என்பதெல்லாம் உயிரோடு சம்பந்தப்பட்ட விடயங்களாக இருந்தன.

அப்படிக் காதைக் கூர்மையாக்கி வைத்திருந்த பெண்களில் பலர் இன்று செய்தி கேட்பதே இல்லை. கிராமங்களில் குழுக் கூட்டங்களுக்குப் போகும்போது இதை அடிக்கடி காண்கிறேன். இதற்கு இரண்டு காரணங்கள் தெரிகின்றன.

முதலாவது, வலி. செய்தி என்றாலே சாவுச் செய்தி என்று பழகிப்போன மனம் வானொலியை மூடிவிடுகிறது. இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

இரண்டாவதை நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. எங்கள் ஊர்களில் செய்தி வீட்டுக்கு வந்தது பெரும்பாலும் ஆண்களின் சைக்கிளில்தான். சந்தியில் பத்திரிகை பார்த்து, தேநீர்க் கடையிலும் சங்கக் கடையிலும் கதைத்து, பொழுதுபட வீட்டில் வந்து சொல்வார்கள். அந்த மனிதர் இறந்தபோது அல்லது காணாமற்போனபோது, வருமானத்தோடு சேர்ந்து அந்தச் செய்தி வழியும் அடைபட்டுப் போனது. உழைப்பையும் பிள்ளை வளர்ப்பையும் நாம் தோளில் ஏற்றிக்கொண்டோம். செய்தியை மட்டும் இன்னும் எங்கள் வேலையாக எடுக்கவில்லை.

"உலகத்தில என்ன நடந்தால் எனக்கென்ன மிஸ்? நாளைக்கு அரிசிக்கு ஒரு வழி சொல்லுங்கோ" என்று ஒரு அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. இம்மாதப் பக்கத்தை அந்தக் கேள்விக்கே ஒதுக்குகிறேன்.

அரிசிப் பானைக்குள் வந்த செய்தி

2022ஆம் ஆண்டை எவரும் மறக்கவில்லை. மண்ணெண்ணெய்க்கு வரிசை, எரிவாயுவுக்கு வரிசை, பால்மாவைக் கண்ணாலும் காண முடியாத நாட்கள். அது ஒரே இரவில் வந்ததல்ல. அதற்கு முன்னரே செய்திகளில் துண்டு துண்டாக வந்துகொண்டிருந்தது.

2020இல் கொவிட் காரணமாகச் சுற்றுலாப் பயணிகள் வருவது நின்றது. நாட்டுக்கு வரவேண்டிய டொலர் குறைந்தது. 2021இல் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. அவ்வருட இறுதியில் தடையை நீக்கினார்கள், ஆனாலும் வயல்களில் விளைச்சல் விழுந்துவிட்டது. 2022 பெப்ரவரி 24 அன்று ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்தது. இரண்டுமே உலகத்துக்குக் கோதுமை விற்கும் நாடுகள். கோதுமையும் எண்ணெயும் உலகச் சந்தையில் விலை ஏறின. ஏப்ரல் 12 அன்று, வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிக் கட்டுவதை இடைநிறுத்துவதாக இலங்கை அறிவித்தது. யூலையில் மக்கள் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்தார்கள். ஜனாதிபதி நாட்டை விட்டு வெளியேறிப் பதவி விலகினார். செப்டெம்பரில் பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதமாகியது. அதாவது, முந்திய வருடம் 100 ரூபாவுக்கு வாங்கிய சாமான்களுக்கு 170 ரூபா கொடுக்க வேண்டியிருந்தது.

2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் ஏறத்தாழ 300 கோடி டொலர் கடனுதவிக்கு அனுமதி அளித்தது. அரசாங்கம் வரி வருமானத்தைக் கூட்டவேண்டும் என்பது அதனோடு வந்த நிபந்தனைகளில் ஒன்று. 2024 ஜனவரி 1 முதல் பெறுமதி சேர் வரி 15 வீதத்திலிருந்து 18 வீதமானது. கடையில் சவர்க்காரம் வாங்கும்போது நீங்களும் அந்த வரியைக் கட்டுகிறீர்கள். "நாங்கள் வரி கட்டாத ஏழைச் சனம்" என்று இனிச் சொல்லவேண்டாம். வரி கட்டுகிறவருக்குக் கேள்வி கேட்கும் உரிமையும் உண்டு.

திகதி தவறிப்போன செய்திகள்

சில செய்திகளைத் தவறவிட்டால் பணமாகவும் உரிமையாகவும் இழக்கிறோம்.

2023இல் சமுர்த்திக்குப் பதிலாக அஸ்வெசும கொடுப்பனவு வந்தது. பயனாளர் பட்டியல் வெளியானதும், பெயர் இல்லாதவர்கள் மேன்முறையீடு செய்யக் குறுகிய காலமே தரப்பட்டது. செய்தி கேட்டவர்கள் பிரதேச செயலகத்துக்கு ஓடினார்கள். கேளாதவர்கள் பிறகு ஒருவர் சொல்லி அறிந்தபோது திகதி கடந்திருந்தது.

இன்னொன்று, காணாமற்போனவர்களின் குடும்பங்களுக்கு முக்கியமானது. 2016இல் சட்டம் திருத்தப்பட்டு, "காணப்படாமைச் சான்றிதழ்" என்ற ஒன்று வந்தது. அதுவரை காணியையோ வங்கிப் பணத்தையோ உதவித்தொகையையோ பற்றிப் பேசப் போனால், மரணச் சான்றிதழ் கேட்டார்கள். கணவர் இறந்துவிட்டார் என்று கையெழுத்து வைக்க மனம் வராமல் எத்தனையோ பெண்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். இந்தப் புதிய சான்றிதழ், அவர் இறந்துவிட்டார் என்று ஒப்புக்கொள்ளாமலே இக்காரியங்களைச் செய்ய வழி தருகிறது. ஆனால் இப்படி ஒன்று இருப்பதே தெரியாத சகோதரிகளை நான் இன்றும் சந்திக்கிறேன்.

நுண்கடனும் அப்படித்தான். 2018இல் வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில், பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட, தவணை தவறிய கடன்களுக்கு அரசாங்கம் நிவாரணம் அறிவித்தது. அந்த அறிவித்தலைக் கேட்டிருந்தால்தான், கடன் வசூலிப்பவர் வாசலில் வந்து நிற்கும்போது "என் கடன் இதற்குள் வருமா?" என்று கேட்க வாய் வரும்.

2021இல் பொலன்னறுவை மாவட்டத்தின் ஹிங்குராக்கொடையில், நுண்கடனால் நொந்த சிங்களப் பெண்கள் 50 நாட்களுக்கு மேலாக வீதியோரம் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். தமிழ்ச் செய்திகளில் அது சிறிதாகவே வந்தது. எங்களுடைய அதே கிழமைத் தவணை, அதே வட்டி, அதே அவமானம். அச்செய்தியைக் கேட்ட ஒரு குழுவில், "அவையளுக்கும் இப்பிடியே?" என்று ஒரு அக்கா வியந்தார். பிறகு நெடுநேரம் அதைப் பற்றியே கதைத்தோம்.

தூரத்துத் தாய்மார்

உலகச் செய்தியில் விலைவாசியும் யுத்தமும் மட்டுமா இருக்கின்றன? ஆர்ஜென்டீனாவில் 1976 முதல் 1983 வரை இராணுவ ஆட்சி நடந்தது. ஆயிரக்கணக்கானோர் காணாமல் ஆக்கப்பட்டார்கள். 1977 ஏப்ரல் 30 அன்று 14 தாய்மார் தலைநகரின் மாயோ சதுக்கத்தில் கூடினார்கள். கூட்டமாக நிற்கக்கூடாது என்று பொலிஸார் சொன்னதும், இரண்டு இரண்டு பேராகச் சதுக்கத்தைச் சுற்றி நடக்கத் தொடங்கினார்கள். சிறையில் பிறந்து வேறு குடும்பங்களுக்குக் கொடுக்கப்பட்ட பேரப்பிள்ளைகளைத் தேடிப் பாட்டிமார் தனியாக ஓர் அமைப்பை உருவாக்கினார்கள். அவர்களது முயற்சியால் 1987இல் மரபணுத் தரவு வங்கி அமைந்தது. 2025 யூலையில் 140ஆவது பேரப்பிள்ளை கண்டுபிடிக்கப்பட்டது. ஏறத்தாழ ஐம்பது வருடம் அவர்கள் பெயரையும் திகதியையும் படத்தையும் பத்திரப்படுத்தி வைத்திருந்தார்கள்.

2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சியில் தொடர் போராட்டத்தைத் தொடங்கிய எங்கள் அம்மாமாரை, இந்தச் செய்தியோடு சேர்த்து நினைத்துப் பாருங்கள். உங்களிடம் உள்ள முறைப்பாட்டுப் பிரதிகளையும் கடிதங்களையும் கறையான் தின்ன விடாதீர்கள்.

வலிக்கும் செய்தி வரும்போது

2025இல் செம்மணிப் புதைகுழி அகழ்வில் 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. அவற்றுள் சிறுபிள்ளைகளுடையவையும் இருந்தன. ஓகஸ்டில், அங்கு எடுக்கப்பட்ட உடைகளும் பொருட்களும் அடையாளம் காண்பதற்காக மக்களுக்குக் காட்டப்பட்டன. இப்படியான செய்தி வரும் நாட்களில் பலருக்கு நித்திரை வராது. சாப்பாடு இறங்காது. பழையதெல்லாம் கண்முன் வரும்.

அந்நாட்களில் தனியே இருந்து கேட்காதீர்கள். நம்பிக்கையான ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கைத்தொலைபேசியில் வரும் படங்களைத் திரும்பத் திரும்பப் பார்க்கவேண்டாம், பிள்ளைகளுக்கு முன்னால் பார்க்கவே வேண்டாம். ஒரு தரம் கேட்டுவிட்டு அணைப்பது கோழைத்தனமல்ல.

நாளுக்கு ஐந்து நிமிடம்

பிள்ளையின் பழைய கொப்பி ஒன்றை எடுங்கள். காலை அல்லது இரவுச் செய்தியில் ஒரு தடவை தலைப்புகளைக் கேளுங்கள். உள்நாட்டுச் செய்தி ஒன்று, உலகச் செய்தி ஒன்று எழுதுங்கள். ஒவ்வொன்றின் கீழும் மூன்று வரி போதும்: இதைத் தீர்மானிப்பவர் யார்? இது என் வீட்டை எங்கே தொடும்? நான் செய்யவேண்டியது ஏதும் உண்டா, எந்தத் திகதிக்குள்? எழுத இயலாத அம்மாமார் பாடசாலை போகும் பிள்ளையைக் கொண்டு எழுதுவியுங்கள். பிள்ளையும் நாட்டு நடப்பைப் படிக்கும்.

கைத்தொலைபேசியில் வருவதெல்லாம் செய்தியல்ல. "உடனே பதியுங்கள், பணம் கிடைக்கும்" என்று வந்தால், அடையாள அட்டை இலக்கத்தையோ வங்கி விபரத்தையோ கொடுக்கமுன் கிராம அலுவலரிடம் கேளுங்கள். அல்லது 1919 இலக்கத்துக்கு எடுங்கள். அது அரச தகவல் நிலையம், தமிழிலும் பேசலாம். வன்முறைக்கு உள்ளாகும் பெண்களுக்கு 1938 இருக்கிறது.

அப்படியும் பதில் கிடைக்காவிட்டால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் கையில் உண்டு. அரச அலுவலகம் ஒன்றின் தகவல் அலுவலரிடம் தமிழிலேயே விண்ணப்பிக்கலாம். எழுத முடியாதவர் வாய்மூலம் கேட்டால், அவரே அதை எழுதிக்கொள்ள வேண்டும். தகவல் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்லவேண்டும்.

சகோதரிகளே, அடுத்த குழுக் கூட்டத்தில் சேமிப்புப் பணம் எண்ணி முடிந்ததும் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். ஆளுக்கொரு செய்தி சொல்லட்டும். பத்துப் பெண்கள் சொன்னால் பத்துச் செய்தி. அதில் ஒன்றாவது ஒருத்தியின் வீட்டுக்குத் தேவையானதாக இருக்கும், திகதி கடக்கமுன் அவள் காதில் விழும்.