மீண்டவர்களுக்கும் ஒரு நாற்காலி

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் இலங்கையின் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் பெரும்பாலோர் புத்தளம் மாவட்டத்தில்தான் தஞ்சமடைந்தார்கள். இருபது ஆண்டுகள் கடந்து, 2011இல் அம்மாவட்டத்தின் கற்பிட்டிப் பகுதியில் நடந்த ஆய்வில், இடம்பெயர்ந்த பெரியவர்களில் 18.8 சதவீதத்தினருக்கு மனச்சோர்வு, பதற்றம், உடல்வலியாக வெளிப்படும் உளத்துயர் என ஏதோவொரு பாதிப்பு இருந்தது. வேலையின்மை, துணையை இழந்தமை, உணவுத் தட்டுப்பாடு ஆகியவையும் அதனோடு கைகோத்திருந்தன.

இந்தத் துயருக்கு மருந்து மட்டும் போதாது.

“எனக்கும் இப்படித்தான் இருந்தது, இப்போது தேறிவிட்டேன்” என்று சொல்ல, அதே துன்பத்தைக் கடந்த ஒருவர் வேண்டும். மருத்துவர் அல்லாதவரும் உதவ முடியும் என்பதற்குச் சிம்பாப்வே சான்று. அங்கே மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா 2006இல் தொடங்கிய ‘நட்பு இருக்கை’ திட்டத்தில், பயிற்சி பெற்ற பாட்டிமார் சுகாதார நிலைய வளவில் அமர்ந்து அயலவரின் மனக்குறையைக் கேட்கிறார்கள். வழமையான சிகிச்சையைவிட அது மனச்சோர்வைக் கூடுதலாகக் குறைத்ததை 2016இல் வெளியான ஆய்வு காட்டியது. அங்கே உதவி பெற்றவர்கள் பின்னர் தமக்குள் குழுக்களாகவும் கூடுகிறார்கள். 2021இல் உலக சுகாதார நிறுவனமும், ஒரே அனுபவத்தைக் கடந்தவர்கள் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் சக ஆதரவுச் சேவைகளுக்கெனத் தனி வழிகாட்டி வெளியிட்டது.

புத்தளக் கரையோரத்தில் மனநோயிலிருந்து மீண்டவர்களுக்குப் பயிற்சியும், மாதக் கொடுப்பனவும், மனநல கிளினிக்கில் ஒரு நாற்காலியும் தர வேண்டும். அவர்கள் செய்யப்போவது தொண்டு அல்ல, சிகிச்சையின் ஒரு பகுதி. சுகாதார அமைச்சு அதை அப்படியே ஏற்று, வேலையாகப் பதிவுசெய்ய வேண்டும்.