மூலத்தை மாற்றினால் துரோகமா?

உளவு நாவல் ரசிகர்கள் கூடும் இடத்தில் ஒரு தீர்ப்பு விசாரணையே இல்லாமல் வழங்கப்படும். நாவல்தான் உயர்ந்தது, படம் அதைக் கெடுத்துவிட்டது என்பதே அந்தத் தீர்ப்பு. படம் எத்தனை இடங்களில் நாவலை விட்டு விலகியது என்று எண்ணி, அந்த எண்ணிக்கையையே குற்றப்பத்திரிகையாக நீட்டுவார்கள். அந்தப் பாத்திரம் எங்கே போயிற்று? ஊர் ஏன் மாறியது? முடிவில் ஏன் கை வைத்தார்கள்? எல்லாம் நாவல் மேலுள்ள பாசத்தில் பிறக்கும் கேள்விகள்தான். ஆனாலும் விலகினாலே குற்றம் என்ற அந்த நம்பிக்கை தவறு; உளவுக் கதைகளைப் பொறுத்தவரை மிகவும் தவறு.

1915இல் ஜான் பக்கன் எழுதிய 'தி தர்ட்டி நைன் ஸ்டெப்ஸ்' நாவலில் முப்பத்தொன்பது படிகள் என்பவை நிஜமான படிகள். கடலோரப் பாறையிலிருந்து கீழே இறங்குபவை. எந்தக் கரை, எத்தனை படி என்று கண்டுபிடிப்பதில்தான் கதையின் முடிச்சு இருக்கிறது. 1935இல் ஹிட்ச்காக் அதைப் படமாக்கியபோது அந்தப் படிகளையே தூக்கி எறிந்தார். அவர் படத்தில் அது ஓர் உளவுக் கும்பலின் பெயர். ரகசியம் காகிதத்தில் இல்லை. கேட்ட கேள்விக்கெல்லாம் மேடையில் பதில் சொல்லும் 'மிஸ்டர் மெமரி' என்ற நினைவாற்றல் கலைஞரின் தலைக்குள் இருக்கிறது. கதாநாயகனோடு கைவிலங்கில் பிணைக்கப்பட்டு ஸ்காட்லாந்து மலைகளில் அலையும் பெண்ணும் நாவலில் கிடையாது. இன்று அந்தத் தலைப்பைச் சொன்னதும் உலகத்துக்கு நினைவு வருவது மிஸ்டர் மெமரியும் கைவிலங்கும்தான். பக்கனின் நாவல் இன்றும் விறுவிறுப்பாகப் படிக்கக் கூடியது, அதில் சந்தேகமில்லை. ஆனால் படிகளை எண்ணும் புதிரைத் திரையில் அப்படியே காட்டியிருந்தால் அது வெறும் துப்பறியும் கணக்காக முடிந்திருக்கும்.

சில மாற்றங்கள் நாவலின் ஓட்டையையே அடைக்கின்றன. இயன் ஃபிளெமிங்கின் 'கோல்டுஃபிங்கர்' (1959) நாவலில் வில்லன் ஃபோர்ட் நாக்ஸ் கிடங்கிலுள்ள தங்கத்தைக் கொள்ளையடிக்கத் திட்டமிடுகிறான். அத்தனை தங்கத்தை எப்படி அள்ளிக்கொண்டு போவது என்ற கேள்விக்கு அங்கே சரியான விடை இல்லை. 1964இல் வந்த படத்தில் அந்தக் கேள்வியை ஜேம்ஸ்பாண்டே வில்லனின் முகத்துக்கு நேராகக் கேட்கிறார். தங்கத்தை எடுக்கப் போவதில்லை, அணுக்கதிர் வீச்சால் அதைத் தொட முடியாதபடி செய்து தன் கையிலுள்ள தங்கத்தின் விலையை ஏற்றப் போகிறேன் என்கிறான் வில்லன். நாவலைவிட இது பல மடங்கு புத்திசாலித்தனமான சதி.

இருப்பதிலேயே கனமான வழக்கு ஜான் லெ கரேயின் 'டிங்கர் டெய்லர் சோல்ஜர் ஸ்பை' (1974). பிரிட்டிஷ் உளவுத்துறையின் உச்சியில் அமர்ந்திருக்கும் துரோகியைத் தேடும் ஜார்ஜ் ஸ்மைலியின் கதை. முக்கால்வாசி நினைவுகூரலாலும் பழைய கோப்புகளாலும் ஆன நாவல் இது. 1979இல் பிபிசி ஏழு பகுதிகளாக எடுத்த தொடரில் அலெக் கின்னஸ் ஸ்மைலியாக நடித்தார். 2011இல் டோமஸ் ஆல்ஃப்ரெட்சன் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேலான படமாக எடுத்தார். ஸ்மைலி கேரி ஓல்ட்மேன். தொடர்தான் உண்மையானது, படம் கதையை நசுக்கிவிட்டது என்பது ரசிகர்கள் பலரின் வாதம்.

ஒரே ஒரு காட்சியை எடுத்துக்கொண்டு பார்க்கலாம். டெல்லிச் சிறையில் ஸ்மைலி தன் எதிரியான சோவியத் உளவுத் தலைவன் கார்லாவைச் சந்தித்ததும், கட்சி மாறும்படி அவனை வற்புறுத்தியதும், அவன் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் ஸ்மைலியின் மனைவி பரிசளித்த சிகரெட் லைட்டரை எடுத்துக்கொண்டு போனதும் நாவலின் உயிர்நாடி. நாவலில் இதை ஸ்மைலி தன் உதவியாளர் கில்லமிடம் வாயால் சொல்கிறார். தொடர் அதைப் பின்னோக்குக் காட்சியாக்கி, பேசாத கார்லாவாக பாட்ரிக் ஸ்டூவர்ட்டை உட்கார வைத்தது. ஆல்ஃப்ரெட்சன் அந்தப் பின்னோக்குக் காட்சியை விட்டுவிட்டார். ஓல்ட்மேன் ஒரு காலி நாற்காலியைப் பார்த்து, கார்லா அதில் உட்கார்ந்திருப்பதாகவே எண்ணிப் பேசுகிறார். கார்லாவின் முகம் படம் முழுக்கத் தெரிவதில்லை. பதில் சொல்லாத எதிரியிடம் ஒருவன் தன் பலவீனத்தை எல்லாம் கொட்டிவிட்டான் என்ற நாவலின் வேதனை, நாவலில் இல்லாத அந்தக் காலி நாற்காலியில்தான் முழுதாக இறங்குகிறது.

உளவுத்துறை ஊழியர்கள் கூடிக் கொண்டாடும் கிறிஸ்துமஸ் விருந்தும் நாவலில் கிடையாது. அங்கே ஸ்மைலி தன் மனைவியின் துரோகத்தை ஒரு ஜன்னல் வழியாகப் பார்த்துவிடுகிறார். பல பக்கங்களில் கசிந்து வரும் ஒரு செய்தி ஒற்றைப் பார்வையில் முடிந்துவிடுகிறது. அந்த விருந்துக் கூட்டத்தில் ஒரு விருந்தினராக நிற்கும் முதியவர் லெ கரேயேதான். மூலத்துக்கு நேர்ந்த துரோகம் என்று வாசகர்கள் குமுறும் படத்தில் மூல ஆசிரியர் தானே வந்து நின்றிருக்கிறார்!

எழுத்தாளர்கள் திரையிடமிருந்து வாங்கியும் இருக்கிறார்கள். கின்னஸ் நடித்த பிறகு ஸ்மைலி தன் கையை விட்டுப் போய்விட்டார் என்ற பொருளில் லெ கரே பேசியிருக்கிறார். 1962இல் ஸ்காட்லாந்துக்காரரான ஷான் கானரி ஜேம்ஸ்பாண்டாக வந்ததற்குப் பின், 1964இல் வெளியான 'யூ ஒன்லி லிவ் ட்வைஸ்' நாவலில் பாண்டின் தந்தையை ஸ்காட்லாந்தின் கிளென்கோவைச் சேர்ந்தவராக்கினார் ஃபிளெமிங். லென் டெய்ட்டன் 'தி இப்கிரஸ் ஃபைல்' (1962) நாவலில் தன் கதைசொல்லிக்குப் பெயரே வைக்கவில்லை; ஹாரி பால்மர் என்பது மைக்கேல் கெய்ன் நடித்த 1965ஆம் ஆண்டுப் படம் சூட்டிய பெயர். இன்று டெய்ட்டன் ரசிகர்களே அவனை அந்தப் பெயரால்தான் அழைக்கிறார்கள்.

அப்படியானால் எதை வேண்டுமானாலும் மாற்றலாமா? கூடாது. கிரஹாம் கிரீனின் 'தி கொயட் அமெரிக்கன்' (1955) இதற்குச் சான்று. சைகோனில் பணியாற்றும் பைல் என்ற அமெரிக்க இளைஞன், நல்லெண்ணத்தின் பெயரால், பிரெஞ்சுக்காரர்களையும் கம்யூனிஸ்டுகளையும் சேராத மூன்றாவது அணி ஒன்றுக்கு வெடிமருந்து கொடுக்கிறான். சந்தடி மிகுந்த சதுக்கத்தில் குண்டு வெடித்து அப்பாவிகள் சாகிறார்கள். 1958இல் இதைப் படமாக்கிய ஜோசப் மான்கிவிக்ஸ் கதையைத் தலைகீழாக்கினார். அமெரிக்கன் குற்றமற்றவன் ஆனான்; கம்யூனிஸ்டுகளின் பொய்யில் விழுந்த ஏமாளி ஆனார், நாவலின் பிரிட்டிஷ் பத்திரிகையாளர் ஃபவ்லர். வியட்நாமில் பணியாற்றிய அமெரிக்க உளவு அதிகாரி எட்வர்ட் லான்ஸ்டேல் இந்த மாற்றத்துக்கு ஆலோசனை சொல்லி இயக்குநருக்குக் கடிதமே எழுதியிருந்தார். ஓர் உளவு நாவலை உளவுத்துறையே திருத்திய கதை இது. கிரீனுக்கு வந்த கோபம் முற்றிலும் நியாயமானது.

ஆனால் இங்கே குற்றம் எது என்று தெளிவாகப் பார்க்க வேண்டும். கதையை மாற்றியது குற்றமில்லை. செத்தவர்களுக்கு யார் பொறுப்பு என்பதை மாற்றியதுதான் குற்றம். அதே நாவலை மைக்கேல் கெய்னை வைத்து எடுத்து 2002இல் வெளிவந்த படத்தில் ஃபிலிப் நாய்ஸ் அந்தப் பொறுப்பைப் பைலின் தோளில் மறுபடி ஏற்றினார். அமெரிக்காவில் 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு அந்தப் படத்தை வெளியிடத் தயங்கி நிறுத்தி வைத்தார்கள் என்பதே, அது கிரீனின் கூர்மையை இழக்கவில்லை என்பதைக் காட்டுகிறது.

ஆகவே அடுத்த முறை ஒரு தழுவலைக் குற்றக் கூண்டில் ஏற்றும் ரசிகர்கள், விடுபட்ட அத்தியாயங்களை எண்ணுவதை விட்டுவிடட்டும். நாவலில் யார் யாரை ஏமாற்றினார்கள், அதற்கு யார் விலை கொடுத்தார்கள் என்ற இரண்டு கேள்விகளையும் படத்திடம் கேட்கட்டும். 'தி கொயட் அமெரிக்கன்' நாவலைப் படித்துவிட்டு இரண்டு படங்களையும் அடுத்தடுத்துப் பாருங்கள். அந்தக் கேள்விகளை அங்கிருந்தே தொடங்கலாம்.