டேஷ்போர்டு விளக்கு கண் சிமிட்டினால்...

இரவில் கார் ஓட்டும்போது டேஷ்போர்டு விளக்குகள் மங்கி மங்கி எரிந்தால், நம்மவர்கள் வாயில் வரும் முதல் வார்த்தை "பேட்டரி போச்சு" என்பதுதான். மறுநாள் பட்டறைக்குப் போகிறோம், புதுப் பேட்டரி போடுகிறோம். ஒரே வாரத்தில் விளக்கு மறுபடியும் கண் சிமிட்டுகிறது. அடுத்து ஆல்டர்னேட்டரை மாற்றச் சொல்கிறார்கள். சுங்கை பட்டாணி, கூலிம் பக்கம் வேலைக்குப் போகும் இளைஞர்களிடம் இந்தக் கதையைப் பலமுறை கேட்டிருக்கிறேன். சோறு வேகவில்லை என்றால் அரிசியைக் கொட்டுவதற்கு முன் அடுப்பைப் பார்ப்போம் அல்லவா? காருக்கும் அதே நியாயம்தான்.

1985இல் வந்த புரோட்டோன் சாகாவோ, இன்றைய மைவியோ, அடிப்படை ஒன்றுதான். பேட்டரி இன்ஜினைக் கிளப்புகிறது. கிளம்பிய பிறகு விளக்குகளுக்கு மின்சாரம் தருவதும் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுவதும் ஆல்டர்னேட்டர். மின்சாரம் திரும்பி வரும் வழி காரின் உடம்பும் இன்ஜினும். இவற்றைப் பேட்டரியின் மைனஸ் முனையோடு இணைப்பது எர்த் ஒயர். இந்தப் பாதையில் எங்கே பிடிப்பு தளர்ந்தாலும் விளக்கு ஆடும்.

எனவே முதல் கேள்வி: விளக்கு எப்போது சிமிட்டுகிறது?

மேடு பள்ளத்தில் மட்டும் என்றால், ஏதோ ஓர் இணைப்பு தளர்ந்திருக்கிறது. பீடோங், கோலா கெட்டில் பக்கத்துத் தோட்டச் செம்மண் சாலைகளில் தினமும் குலுங்கிப் போகும் கார்களில் இதற்கு வாய்ப்பு அதிகம்.

சிக்னலில் நிற்கும்போது மங்கி, எண்ணெய் மிதித்தால் பிரகாசமாகிறது என்றால் பெல்ட்டையும் ஆல்டர்னேட்டரையும் பாருங்கள். ஏர்கான் போட்டதும் 'கீச்' என்று சத்தம் வந்தால் பெல்ட் தளர்ந்திருக்கலாம்.

முன்விளக்குகள் நிலையாக எரிய, டேஷ்போர்டு மட்டும் ஆடினால் பேட்டரியைத் தொட வேண்டாம். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழ், பியூஸ், உள்ளே இருக்கும் இணைப்பு, இவற்றில் ஒன்றுதான் காரணமாக இருக்கும்.

செம்பனைத் தோட்டத்தை ஒட்டிக் கார் நிறுத்துபவர்களுக்கு இன்னொன்று. எலியை ஒழிக்கத் தோட்டத்தில் ஆந்தைக்குக் கூடு வைக்கிறார்கள். அப்படியும் தப்பிய எலி உங்கள் பானெட்டுக்குள் குடியேறி ஒயரைக் கடிக்கும். எலிப் புழுக்கை கிடக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்தது அளவு. முப்பது வெள்ளிக்குள் ஹார்ட்வேர் கடையில் மல்டிமீட்டர் கிடைக்கும். சில மணி நேரம் ஓடாமல் நின்ற காரில் பேட்டரி 12.4 முதல் 12.7 வோல்ட் காட்ட வேண்டும். இன்ஜின் ஓடும்போது பொதுவாக 13.5 முதல் 14.5 வரை இருக்கும். சில புதிய கார்களில் இது ஏறி இறங்குவது இயல்பு. ஓடும்போதும் 13ஐத் தாண்டவில்லை என்றால் சார்ஜ் ஏறவில்லை. 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டரில் கோளாறு.

கூலிம் ஹைடெக் பார்க்கில் இரவு வேலை பார்க்கும் என் அக்காள் மகனின் காருக்கு ஒரு பட்டறையில் ஆல்டர்னேட்டர் மாற்றச் சொன்னார்கள். வீட்டுக்குத் திரும்பும் வழியில் தெருவிளக்கே இல்லாத தோட்டச் சாலை, அக்காவுக்குத் தூக்கமில்லை. அளந்து பார்த்தோம். ஆல்டர்னேட்டரில் 14.2 வோல்ட் இருந்தது. விளக்கையும் ஏர்கானையும் போட்டுவிட்டு, பேட்டரியின் மைனஸ் முனைக்கும் இன்ஜினுக்கும் நடுவே அளந்தோம். 0.2க்குள் இருக்க வேண்டியது 0.9 காட்டியது. எர்த் ஒயரின் நுனியில் பச்சைக் களிம்பு. கழற்றிச் சுரண்டி, இறுக்கிப் பூட்டினோம். அதோடு சிமிட்டல் நின்றது.

பேட்டரி முனையில் வெள்ளைப் பூ பூத்திருந்தால் நீங்களே சுத்தம் செய்யலாம். இன்ஜினை அணைத்து, கையுறை போட்டுக்கொள்ளுங்கள். முதலில் மைனஸ், பிறகு பிளஸ் என்று கழற்றுங்கள். ஆப்ப சோடா கரைத்த வெந்நீர் ஊற்றிக் கம்பி பிரஷால் தேயுங்கள். நன்றாகக் காய்ந்ததும் பிளஸை முதலிலும் மைனஸைக் கடைசியிலும் மாட்டி இறுக்குங்கள். மேலே கொஞ்சம் வாசலின் தடவினால் மீண்டும் பூக்கத் தாமதமாகும்.

இன்ஜின் ஓடும்போது பேட்டரி ஒயரைக் கழற்றி ஆல்டர்னேட்டரைச் சோதிக்கும் பழைய வழக்கத்தை யாரும் செய்ய விடாதீர்கள். திடீரென எகிறும் வோல்டேஜ், காரின் கணினியையே கெடுத்துவிடலாம்.

ஓட்டும்போது சிவப்புப் பேட்டரி விளக்கு அணையாமல் நின்றால், கையிருப்புச் சார்ஜில்தான் ஓடுகிறீர்கள் என்று அர்த்தம். ஏர்கானையும் ரேடியோவையும் அணைத்துவிட்டு, வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் உள்ள இடமாகப் பார்த்து நிறுத்துங்கள்.

மற்றபடி, பட்டறையில் எதை மாற்றச் சொன்னாலும் ஒரு வார்த்தை கேளுங்கள்: "அண்ணே, எத்தனை வோல்ட் காட்டுது?" நல்ல மெக்கானிக் கோபப்பட மாட்டார், மீட்டரை எடுத்துக் காட்டுவார்.