ஓடுதளத்துக்கு முன்னால் வரவேண்டியது

1971 டிசம்பர் 9 அன்று திருவனந்தபுரத்திலிருந்து மதுரைக்குப் புறப்பட்ட இந்தியன் ஏர்லைன்ஸின் ஆவ்ரோ விமானம், இறங்குவதற்காகத் தாழ்ந்து வந்தபோது சின்னமனூர் பக்கத்து மலையில் மோதியது. அதில் இருந்த 31 பேரில் 21 பேர் இறந்தார்கள். பகல் வேளைதான், மலைதான் கண்ணுக்குத் தெரியவில்லை. ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2021 டிசம்பர் 8 அன்று குன்னூர் அருகே விமானப்படை ஹெலிகாப்டர் விழுந்து முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உள்ளிட்டோர் உயிரிழந்தார்கள். பள்ளத்தாக்கில் வானிலை திடீரென மாறியதால் ஹெலிகாப்டர் மேகத்துக்குள் நுழைந்ததும், விமானி திசையுணர்வை இழந்ததுமே காரணம் என்றது முப்படை விசாரணை. கருவிகள் எவ்வளவோ முன்னேறிவிட்டன. டிசம்பர் மேகம் அப்படியேதான் இருக்கிறது.

வடகிழக்குப் பருவக்காற்று கொண்டுவரும் ஈரம் தேனிச் சமவெளியைக் கடந்து மலைச்சரிவில் மேலேறும்போது குளிர்ந்து மேகமாகிறது. போடியில் வெயில் அடிக்கும்போதே, பதினேழு கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே போடிமெட்டில் எதிரே வரும் ஜீப் தெரியாமல் போவது அதனால்தான். சாலையில் வருபவர் விளக்கைப் போட்டு ஓரங்கட்டி நிற்கலாம். விமானம் வானத்தில் நிற்க முடியாது. சமவெளியில் எடுத்த வானிலைக் குறிப்பை நம்பி மலைக்கு மேல் வரும் சிறிய விமானத்துக்கு இதுவே பெரிய ஆபத்து.

இதைப் பேச இப்போது காரணம் உண்டு. ஏலமலையிலும் ஓடுதளம் வந்துவிட்டது. இடுக்கி மாவட்டம் வண்டிப்பெரியாறு அருகே சத்திரத்தில், என்.சி.சி. மாணவர் பயிற்சிக்கென அமைத்த சுமார் 650 மீட்டர் ஓடுதளத்தில் 2022 டிசம்பர் 1 அன்று முதல் சிறு விமானம் இறங்கியது. முந்தைய முயற்சிகள் எதிரே நின்ற மேட்டால் கைகூடவில்லை. அந்த ஆண்டு ஜூலை மழையில் ஓடுதளத்தின் ஒரு பகுதி சரிந்தும் போனது. இந்த மலையில் விமானம் இறக்குவது எவ்வளவு கடினம் என்பதற்கு இவையே சாட்சி.

பயிற்சி விமானங்கள் தெளிந்த வானில்தானே பறக்கின்றன, பிறகென்ன பயம் என்று கேட்கலாம். பயிற்சியோடு நின்றால் அந்தக் கேள்வி நியாயமே. ஆனால் பேரிடர் மீட்பு, அவசர சிகிச்சை என்று ஓடுதளத்தின் பயனை விரிக்கும் பேச்சும் கூடவே எழுகிறது. நிலச்சரிவு பெரும்பாலும் தெளிந்த வானத்தில் வருவதில்லை. உதவி மிகவும் தேவைப்படும் நாளில்தான் மேகம் மிகவும் தாழ்ந்திருக்கும். நோயாளி காத்திருக்கிறார் என்ற தவிப்பே விமானியை 'இன்னும் கொஞ்சம் இறங்கிப் பார்ப்போம்' என்று தூண்டும். வரைபடத்தோடு கூடிய ஜி.பி.எஸ். மலை இருக்கும் இடத்தைச் சொல்லும். அடுத்த ஐந்து நிமிடத்தில் மேகம் எங்கே நகரும் என்று சொல்லாது.

மலையில் விமானமே வேண்டாம் என்பதல்ல என் வாதம். ஓடுதளத்தின் பயனை விரிப்பதற்கு முன், மேக உயரத்தையும் பார்வைத் தூரத்தையும் நொடிக்கு நொடி அளந்து சொல்லும் தானியங்கி வானிலைக் கருவிகள் மலைமுகட்டில் நிற்க வேண்டும். அந்த உயரமும் தூரமும் எந்த அளவுக்குக் கீழே போனால் இறங்கக் கூடாது என்பதை முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். திரும்பிப் போன விமானியிடம் எந்த அதிகாரியும் விளக்கம் கேட்கக் கூடாது. போடிமெட்டிலிருந்து தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு நோயாளியைக் கொண்டுசெல்வது இன்றும் மலைச்சாலைதான். கேரள, தமிழக அரசுகள் அந்தச் சாலையின் பாதுகாப்புக்கும் இந்தக் கருவிகளுக்கும் முதலில் பணம் ஒதுக்கட்டும்.