‘பேட்டரி வெடித்தது’ என்னும் வாக்கியம்

2022 மார்ச்சில் வேலூரில், வீட்டில் மின்னேற்றத்தில் இருந்த மின்ஸ்கூட்டர் தீப்பற்றியது. புகையில் மூச்சுத்திணறித் தந்தையும் மகளும் இறந்தனர். அதே ஆண்டு செப்டம்பரில், கல்யாணில் வாழும் எங்களுக்கு அண்மையிலுள்ள வசாயில், கூடத்தில் மின்னேற்றிக்கொண்டிருந்த ஸ்கூட்டர் பேட்டரி விடியற்காலையில் வெடித்தது. அருகில் உறங்கிய ஏழு வயதுச் சிறுவன் சில நாள்களில் உயிரிழந்தான்.

இத்தகைய செய்திகள் யாவும் ‘பேட்டரி வெடித்தது’ என்றே எழுதப்படுகின்றன. மொழியியல் பயின்றவள் என்ற முறையில் அவ்வினை என்னை உறுத்துகிறது. அது தன்வினை, வெடிக்கும் நிலைக்கு அதைக் கொண்டுவந்தவருக்கு அவ்வாக்கியத்தில் இடமில்லை.

வேதியியல் வேறொன்றைச் சொல்கிறது. நிக்கல் வகை லித்தியம்-அயனி செல் பொதுவாக 4.2 வோல்ட்டைத் தாண்டலாகாது. தாண்டினால், கிராஃபைட்டுக்குள் புகவேண்டிய லித்தியம் அதன்மேல் உலோகமாகப் படிகிறது. நேர்முனை சிதைந்து ஆக்சிஜனை விடுகிறது. வெப்பம் வினையைத் தூண்ட, வினை மேலும் வெப்பத்தை ஈனுகிறது. ஒரு செல்லின் தீ அடுத்ததற்குத் தாவுகிறது. ‘48 வோல்ட்’ என விற்கப்படும் 13 செல் வரிசைக்கு 54.6 வோல்ட்டில் நிற்கும் சார்ஜர் வேண்டும். 60 வோல்ட் பேட்டரிக்குரிய சார்ஜரைச் செருகினால், இடையில் நின்று மின்னோட்டத்தைத் துண்டிப்பது பி.எம்.எஸ். எனப்படும் காப்புச்சுற்று மட்டுமே. விலை குறைக்க அதையும் விட்டுவிட்டால் காப்பென்று எதுவும் மிஞ்சாது.

2022 டிசம்பர் முதல் கட்டங்களாக நடைமுறைக்கு வந்த ஏ.ஐ.எஸ். 156 திருத்தங்கள் காப்புச்சுற்றையும் சார்ஜரையும் பற்றிக் கடுமையான விதிகளை வகுத்தன. ஆயினும் அவை ஆலையிலிருந்து வரும் வண்டிக்கானவை. ஈராண்டு கழித்துத் தெருமுனைக் கடையில் மாற்றப்படும் பேட்டரியை யார் சோதிக்கிறார்கள்?

“இரவில் மின்னேற்றாதீர், வாசலருகே வைக்காதீர்” என்னும் அறிவுரை சரியே. ஆனால் ஒற்றை அறையும் ஒற்றை வாசலும் கொண்ட சாலில், பகலெல்லாம் உணவு சுமந்து ஓடும் இளைஞன் வேறெப்போது, வேறெங்கே மின்னேற்றுவான்? பாதுகாப்பு முழுவதையும் அவனுடைய விழிப்பின்மேல் சுமத்துவது அறமன்று. தரைத்தளத்தில், திறந்தவெளியில், சர்க்யூட் பிரேக்கருடன் கூடிய பொது மின்னேற்ற இடங்களை மாநகராட்சிகள் அமைக்க வேண்டும். காப்புச்சுற்று இல்லாத பேட்டரியின் விற்பனை தண்டனைக்குரியதாக வேண்டும். எச்சரிக்கை வாசகங்கள் மராத்தியிலும் இந்தியிலும் தமிழிலும் இருக்க வேண்டும்.

விடுதி அறையில் இதைப் படிக்கும் நண்பர்களே, இன்றிரவு செருகுமுன் சார்ஜரிலும் பேட்டரியிலும் அச்சிட்ட எண்களை ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள்.